டிஜி யாத்ரா: வரிசை குறைகிறது, முகம் பதிவாகிறது

அடையாள அட்டைக்குப் பதில் கேமராவில் முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழைய உதவும் மொபைல் செயலி டிஜி யாத்ரா. உள்நாட்டு விமானங்களுக்கான இந்த வசதி 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. இப்போது சென்னை, கோவையிலும் உண்டு. கூட்டம் முண்டியடிக்கும் அதிகாலையில் நுழைவாயிலைச் சட்டென்று தாண்டிவிடலாம். செக்யூரிட்டியில் உடல் சோதனையும் பை சோதனையும் எல்லோருக்கும் போலத்தான்.

ஆதாரோடு இணைத்த மொபைல் எண் வேண்டும். டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டி ஒரு செல்ஃபி எடுத்தால் பதிவு முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் வெப் செக்-இன் செய்து, போர்டிங் பாஸைச் செயலியில் ஏற்றி, 'ஷேர்' கொடுக்க வேண்டும். பலர் ஏற்றியதோடு விட்டுவிடுகிறார்கள், கேட் திறக்காது.

நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் 'எஸ். முருகன்' என்றிருக்கும். டிக்கெட்டில் கடைசிப் பெயர் கேட்பதால் 'முருகன் சுப்பிரமணியன்' என்று போட்டிருப்பார்கள். பெயர் பொருந்தவில்லை என்று செயலி தள்ளிவிடும். டிக்கெட் போடும்போதே ஆதாரில் உள்ளபடி கொடுங்கள். ஓரெழுத்தைக் கடைசிப் பெயராக ஏற்காத தளம் என்றால், அந்தப் பயணத்துக்கு அடையாள அட்டையோடு வழக்கமான வரிசையில் போவதே நிம்மதி.

இனி முகத்தின் கதை. விவரங்கள் உங்கள் போனில்தான் இருக்கும், விமான நிலையத்துக்குப் போனது விமானம் கிளம்பி 24 மணி நேரத்தில் அழியும் என்கிறார்கள். ஆனால் பாதுகாப்புத் தேவைக்காக அழிக்கும் காலத்தை மாற்றவும், அரசு முகமைகளுக்கு விவரம் தரவும் கொள்கை ஆவணத்திலேயே இடம் இருக்கிறது. இதை நடத்துவது அரசுத் துறையும் அல்ல, 2019-ல் பதிவான லாப நோக்கமற்ற ஒரு கம்பெனி. இந்த இரண்டும் எங்களுக்கு உறுத்துகின்றன.

பெயரை மறைத்துப் பறக்க வழியில்லை. முகத்தைப் பதியாமல் பறக்கலாம். டிஜி யாத்ரா கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும், ஆதாரே வேண்டும் என்பதில்லை. வாசலில் ஊழியர்கள் சொல்லாமலே முகத்தைப் பதிந்துவிடுவதாகப் பயணிகள் புகார் செய்திருக்கிறார்கள். யாராவது போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு "கேமராவைப் பாருங்க" என்றால், "டிஜி யாத்ரா வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு சிஐஎஸ்எஃப் காவலர் அட்டை பார்க்கும் வரிசைக்குப் போய்விடுங்கள்.

செயலி வைத்திருப்பவர்களும் அட்டையை வீட்டில் விட்டுவரக் கூடாது. கேமரா முகத்தை அடையாளம் காணாவிட்டால் காவலர் கேட்பது அதைத்தான்.