850 ரூபாய் செல் சவ்வு மாடல்: வாங்கலாம், ஆனால் கையேட்டை நம்பாதீர்கள்

மகள் பதினொன்றாம் வகுப்பு. செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையான செல் சவ்வின் படத்தை எத்தனை முறை வரைந்தாலும் மனதில் நிற்கவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாள். சரி, கையில் தொட்டுப் பார்த்தாலாவது புரியுமே என்று கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் இந்த ஃபோம் மாடலை வாங்கி வந்தேன்.

இரட்டை அடுக்கை அருமையாகச் செய்திருக்கிறார்கள். பாஸ்போலிப்பிடு என்கிற கொழுப்பு மூலக்கூறுகள்தான் இரண்டு வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒரு உருண்டைத் தலை, இரண்டு வால். தண்ணீரை விரும்பும் தலைகள் செல்லுக்கு வெளிப்பக்கமும் உள்பக்கமும் பார்க்க, தண்ணீர் ஆகாத வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. ரசத்தில் எண்ணெய் ஒதுங்கி நிற்கிற அதே கதைதான் என்றேன், உடனே பிடித்துக்கொண்டாள். புரதங்களைக் கழற்றி மாட்டலாம். சர்க்கரைச் சங்கிலிகளை வெளிப்பக்கம் மட்டும் சரியாக வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் இப்படி லட்சம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் தேறாது என்றதும் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குறை என்னவென்றால் இந்தக் கொழுப்பு மூலக்கூறுகளை, அதாவது லிப்பிடுகளையெல்லாம் பசை போட்டு இறுக்கிவிட்டார்கள். 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்ன விஷயமே சவ்வு திரவம் போல நகர்கிறது என்பதுதான். ஒரு லிப்பிடு பக்கத்து லிப்பிடோடு நொடிக்குச் சுமார் 1 கோடி முறை இடம் மாற்றிக்கொள்ளும். இந்த மாடலைப் பார்க்கிற பிள்ளை அதைச் சுவர் என்றுதான் நினைக்கும். அதனால் ஒரு அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றி, தெர்மாகோல் உருண்டைகளை நெருக்கமாக மிதக்கவிட்டு, நடுநடுவே புரதங்களுக்குப் பதிலாகப் பாட்டில் மூடிகளைப் போட்டேன். ஒரு மூடியை விரலால் தள்ளினால் உருண்டைகள் விலகி வழிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்கின்றன. காசு கொடுத்து வாங்கியதைவிட அந்த டப்புதான் அவளுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது கையேட்டைப் பார்த்துத்தான். சவ்வில் அயனிகளை உள்ளே வெளியே கடத்தும் புரதமான சோடியம் பொட்டாசியம் பம்ப் படத்தில் அம்புக்குறிகளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே அனுப்பி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்க வேண்டும். கையேட்டை நம்பிப் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சையில் மார்க் போய்விடும். கடைக்குப் போன் செய்து சொன்னேன், அச்சடித்தவர்களைக் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். நாங்களே சரியான படம் வரைந்து மேலே ஒட்டிவிட்டோம்.

850 கொஞ்சம் அதிகம்தான், 500 ரூபாய் என்றால் தாராளமாக வாங்கலாம். அப்புறம், கொலஸ்ட்ரால் என்று மஞ்சள் நிறத்தில் குட்டித் துண்டுகள் வரும், எங்கள் பெட்டியில் இரண்டு குறைந்தது, கடையிலேயே எண்ணி வாங்குங்கள்.