‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குப் பின்னால்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மொழிபெயர்ப்பு நூலின் ஏழாம் இயலைத் தவறுதலாக அழித்துவிட்டேன். கவனிக்காமல் கோப்பையும் மூடிவிட்டேன். மறுநாள் காலையில் திறந்தால், ஆறாம் இயலை அடுத்து எட்டாம் இயல் நிற்கிறது. கோப்பை மூடிய பிறகு கண்ட்ரோல்-இசட் அழுத்திப் பயனில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் மூலப்படி இருந்தது. என் திருத்தங்கள்தாம் போயின. பத்தொன்பது பக்கங்களையும் முதலிலிருந்து திருத்த நான்கு நாட்கள் ஆயின.

அந்த எழுத்துச் செயலி என் ஏழாம் இயலைப் பத்திரமாக வைத்திருந்தது என்பது ஐந்து மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. கோப்பின் பெயர்மீது மவுஸை அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு மெனு விரியும். அதில் ‘நிலைப்பதிவுகள்’ என்று ஒரு வரி. கோப்பின் பழைய பதிப்புகள் அதற்குள்தான் இருந்தன. கோப்பின் பெயரை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அப்படியே தோன்றினாலும், தொலைந்த பக்கங்களைத் தேடுகிறவர் அந்தச் சொல்லைப் பார்த்து நிற்பாரா? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அதே செயலியின் புதிய பதிப்பை ஐந்து வாரங்களாகப் பயன்படுத்துகிறேன். இந்த ஒரு வசதியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். எழுத்துருக்களும் மேம்பட்டிருக்கின்றன, அதை இந்த ஒரு வரியோடு விட்டுவிடலாம்.

திரையின் மேல் பட்டையில் ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல் எப்போதும் இருந்துவந்தது. எழுத்தோடு பிழைப்பவர்களுக்கு அந்தச் சொல்மீது தனிக் கண் உண்டு. ஒரு பத்தியை முடித்ததும் பார்வை தானாக அங்கே போய்வரும். இப்போது அதன் அருகில் நேரமும் தெரிகிறது, கீழே மெல்லிய கோடும் இருக்கிறது. அதைத் தட்டினால் வலப்பக்கத்தில் நாள்வாரியாக ‘முந்தைய பதிப்புகள்’ விரிகின்றன. புதிய ஐகான் எதையும் நுழைக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு கண் எங்கே போகிறதோ, அங்கேயே மீட்பதற்கான வழியையும் வைத்திருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர், எழுதுகிறவர் ஒருவரின் பக்கத்தில் பல நாள் உட்கார்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் ஒரேயடியாக அழித்தால், அடியில் ஒரு சிறு பட்டை எழுகிறது: ‘நீக்கிய பகுதி பத்திரமாக இருக்கிறது. பார்க்க’. வேலையை மறிப்பதில்லை, சற்று நேரத்தில் தானாக மறைகிறது. முன்பு செயலியை நிறுவிய முதல் நாளே ஏழெட்டு அம்புக்குறிகளைக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். அதை எடுத்துவிட்டார்கள். எதையும் தொலைக்காத நாளில் மீட்பது எப்படி என்று சொன்னால் மனத்தில் நிற்காது. பக்கம் காணாமல் போன அந்த நொடியில்தான் அது காதில் ஏறும்.

மறைத்து வைப்பதை எளிமை என்று எண்ணும் பழக்கம் இத்துறையில் பழையது. மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 2000இல் அதிகம் பயன்படாத கட்டளைகளை மெனு தானாகவே ஒளித்துக்கொண்டது. பார்த்த இடத்தில் பார்த்த பொருள் இல்லாமல் தேட வேண்டியிருந்தது. பிறகு ஆஃபீஸ் 2007இல் கட்டளைகளைத் திரையின் மேலேயே விரித்துவைத்தபோது, பயனர்கள் புதிதாகக் கேட்ட பல வசதிகள் அதில் ஏற்கெனவே இருந்தவை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை நீக்கித் திரையின் மூலைக்குள் ஒளித்தது 2012இல். மறு ஆண்டே 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. நகலெடுத்தவற்றின் பழைய பட்டியலைக் காட்டும் வசதி விண்டோஸ் 10இல் 2018 முதல் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ‘வி’யை அழுத்த வேண்டும், முதல்முறை அதை இயக்கவும் வேண்டும். நான் சொல்லித்தான் என் உடன் பணியாற்றும் மூவருக்கு அது தெரிந்தது. மூவரும் நாள் முழுதும் நகலெடுத்து ஒட்டும் வேலை செய்பவர்கள்.

குறைகளும் உண்டு. ஒரு பகுதியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுவதற்குள் அந்த அடிப்பட்டை எழுந்துவிடுகிறது. இயல்களை இடம் மாற்றிய ஒரு நாளில் பதினோரு முறை வந்தது. இப்படியே போனால் கண் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடும், உண்மையாகவே தேவைப்படும் நாளிலும் பார்க்காது. வெட்டியது சிறிது நேரம் ஒட்டப்படாமல் இருந்தால் மட்டும் காட்டலாம். கட்டளைகளைத் தேடும் பெட்டியில் ‘மீட்பு’, ‘பழையது’, ‘தொலைந்தது’ என்று தட்டினால் எதுவும் வருவதில்லை. ‘பதிப்பு’ என்று சரியாகத் தட்டினால்தான் வருகிறது. பதறிப்போனவர் முதலில் தட்டும் சொல் ‘பதிப்பு’ அல்ல.

கைப்பேசிச் செயலியில் இந்த மாற்றம் எதுவும் இன்னும் வரவில்லை. மேலே ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல்லே அங்கே கிடையாது. மூன்றையும் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். கைப்பேசியில் மட்டும் எழுதுகிறவர்கள் அதுவரை இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: மூன்று புள்ளி, ‘கோப்பு விவரம்’, அதன் கடைசி வரி. அங்கே இன்னமும் அதன் பெயர் ‘நிலைப்பதிவுகள்’.