குழந்தைப் போர்வை தைத்துப் பழக எந்தத் தையல் இயந்திரம் ஏற்றது?

பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையை மூன்று மடிப்பாக அடுக்கித் தைத்த போர்வையைப் பரிசாகக் கொடுக்க விரும்பும் ஒருவர், இதுவரை தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்ததே இல்லையென்றால், அவருக்கு மூன்று வழிகள் உண்டு. கால்மிதி இயந்திரத்தில் பழகலாம். மின்சாரத்தில் ஓடும், நேர்த்தையலோடு ஜிக்ஜாக் என்னும் கோணல்மாணலான தையலும் போடும் இயந்திரம் ஒன்றை வாங்கலாம். அல்லது கைக்குள் அடங்கும் பேட்டரி இயந்திரத்தை வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். ரவிக்கை தைக்கப் பழகுகிறவருக்கு என் விடை வேறாக இருக்கும். போர்வைக்குக் கழுத்து வளைவோ காஜாவோ கிடையாது. நேர்த்தையல் ஒன்றே வேலை. அதை வைத்தே இங்கு எடைபோடுகிறேன்.

கையடக்க இயந்திரத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். அது ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுகிறது. முடிச்சிடாத நுனியை இழுத்தால் தையல் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வரும். அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வையில், தொங்கும் நூலில் பிஞ்சு விரல் சிக்கிக்கொள்ளக்கூடிய இடத்தில், இந்தத் தையலுக்கு இடமே கொடுக்கக் கூடாது.

மற்ற இரண்டும் மேல்நூலையும், பாபின் என்னும் சிறு உருளையில் சுற்றிய கீழ்நூலையும் துணிக்கு நடுவே பின்னிப் பூட்டுகின்றன. எனவே தையலின் உறுதியில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. பழகுகிறவரின் கையும் காலும் எதில் சீக்கிரம் கட்டுப்பாட்டுக்கு வருகின்றன என்பதில்தான் வேறுபாடு.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்படும் வரை, தூண்களுக்கு இடையே தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்து தைத்துக்கொண்டிருந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய கால்மிதி இயந்திரத்தின் பெருமை அதன் வேகத்தில் இல்லை, மெதுவாகவும் ஓடும் என்பதில் இருக்கிறது. மிதிக்கிற அளவுக்குத்தான் ஊசி இறங்கும். காலை நிறுத்தி, வலக்கையைச் சக்கரத்தின்மேல் வைத்தால் அந்தத் தையலிலேயே நின்றுவிடும். மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரத்தின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி மீண்டும் தொடங்குவது போர்வையின் நான்கு மூலைகளிலும் செய்தே ஆகவேண்டிய வேலை. அதைக் கற்றுக்கொள்ள இதைவிட நிதானமான ஆசான் இல்லை.

ஆனால் தொடக்கத்தில் இது சோதிக்கும். சக்கரத்தைக் கையால் தன் பக்கமாகச் சுற்றிவிட்டு உடனே மிதிக்க வேண்டும். மிதிக்கும் காலின் அழுத்தம் முன்பின் மாறினால் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று நூல் சிக்கிக்கொள்ளும். ஆகவே முதலில் நூலே கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசியின் கீழ் வைத்து, கோட்டின்மேல் துளைகள் விழும்படி மிதித்துப் பழகவேண்டும். துளைகள் கோட்டைவிட்டு விலகாமல் விழும் வரை துணியைத் தொட வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியே சுமையாகலாம். அவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சார இயந்திரம் சிறிய வீட்டுக்கு ஏற்றது. வேலை முடிந்ததும் அலமாரியில் தூக்கி வைத்துவிடலாம். துணியின் விளிம்பு பிரியாமல் ஜிக்ஜாக் போடும் வசதி அதன் உண்மையான பலம். எனினும் போர்வையின் விளிம்புகளை உள்மடித்துத் தைத்துவிடுவதால் அந்த வசதி இங்கு அவ்வளவாகத் தேவைப்படாது. பழகாத கால் பெடலைச் சற்று அழுத்தினாலும் துணி ஓடிவிடும் என்பது அதன் குறை. வாங்கியே ஆகவேண்டும் என்கிறவர்கள் வேகத்தைக் குறைத்து வைக்கும் விசை உள்ள மாதிரியைத் தேடுவது நல்லது. மாதாந்தரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் அது சும்மா இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆகவே என் தேர்வு கால்மிதி இயந்திரம்தான். அதுவும் உடனே வாங்க வேண்டியதில்லை. தெருவில் தைக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டு, அவர் வேலை ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்வதே சிறந்தது. நூல் அறுந்தாலும் நூலின் இழுவிசை (டென்ஷன்) இறுகினாலும் உடனே பார்த்துச் சொல்ல ஓர் ஆள் அருகில் இருப்பது வீடியோவால் கிடைக்காத உதவி. பிறகு சொந்தமாக வாங்கினாலும், வேகம் வேண்டும் என்று தோன்றும்போது அதே இயந்திரத்தில் மோட்டார் பொருத்திக்கொள்ளலாம்.

எந்த இயந்திரமானாலும் ஊசியைக் கவனிக்காமல் தொடங்கக் கூடாது. தடித்த துணிக்காக மாட்டிய 16 அல்லது 18ஆம் எண் ஊசி, நைந்து மெலிந்த சுங்குடியில் கண்ணுக்குத் தெரியும் துளைகளை விட்டுச்செல்லும். 14ஆம் எண் ஊசி மூன்று மடிப்புக்குப் போதும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் அழகே அந்தச் சின்னஞ்சிறு புள்ளிகள்தான். அவற்றின் வரிசையையே கோடாகக் கொண்டு தைத்தால் அளவுகோல் தேவைப்படாது. ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் அடித்துணியை நகர்த்தும்போது மேல்துணி சற்றே பின்தங்கும் என்பதால், மூன்று மடிப்புகளையும் முன்கூட்டியே கையால் நீளமாக நூலோட்டி இணைத்துக்கொள்ளவேண்டும். அதற்கும் முன்பாக, சேலையில் கஞ்சி மிச்சம் இருந்தால் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்கவேண்டும்.