ஆளில்லாப் படகின் பேட்டரிக்கு ஏற்ற சோலார் அமைப்பு எது?

படகைக் கட்டிவைத்துவிட்டு வாரக்கணக்கில் விலகியிருக்கும்போது பேட்டரிக்குத் தேவைப்படுவது மிகுதியான மின்சாரம் அன்று. தானாக வடிந்துபோகும் சிறிதளவை நாள்தோறும் ஈடுசெய்தாலே போதும். திரவ அமிலம் கொண்ட 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி, மிதமான வெப்பத்தில், மாதத்திற்கு ஏறத்தாழ 5 சதவீதத்தை இழக்கும் என்று கொண்டால், நாளொன்றுக்கு 0.2 ஆம்பியர்-மணிகூட ஆகாது.

இந்த அளவை ஈடுசெய்ய, சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இல்லாமல், இரவில் மின்னோட்டம் பேனலுக்குத் திரும்பாமல் தடுக்கும் டயோடு மட்டும் வைத்து இணைத்த 5 வாட் பேனலே போதும். ஆயினும் கடும் வெயில் நீடிக்கும் வாரங்களில், பேட்டரி நிறைந்த பின்னும் மின்னோட்டத்தை நிறுத்த யாரும் இல்லாததால், சிறிய பேட்டரியில் நீர் வற்றிவிடும். இந்தச் சிக்கனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்திக் கட்டுப்படுத்தும் எளிய வகையான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருடன் கூடிய 20 வாட் பேனல், பேட்டரியை ஏறத்தாழ 13.6 வோல்ட்டில் நிறுத்திக் காக்கும். எம்.பி.பி.டி. கன்ட்ரோலரோ, 18 வோல்ட் அளவில் சிறப்பாக இயங்கும் பேனலின் உபரி வோல்ட்டேஜையும் மின்னோட்டமாக மாற்றித் தருவதால், குறைந்துபோன பேட்டரியை விரைவாக நிரப்பும். ஆனால் பேட்டரி நிறைந்துவிட்டால் இரண்டுமே பேனலின் பெரும்பகுதி ஆற்றலை ஏற்காமல் விடுகின்றன. அப்போது எம்.பி.பி.டி.க்குத் தரும் கூடுதல் விலைக்குப் பயன் இல்லை. கன்ட்ரோலர் தனக்கென எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தையும் பார்க்க வேண்டும்: வெறும் 10 மில்லிஆம்பியர் என்றாலும் நாளுக்கு 0.24 ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் சொந்த இழப்பைவிட அதிகம்.

படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கி பில்ஜ் பம்ப் இருந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப் நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினால், 20 வாட் பேனல் நல்ல வெயிலில் தரக்கூடிய அனைத்தும் அதற்கே செலவாகிவிடும். தொடர்ந்து மேகமூட்டம் வந்தாலோ, பாய்மரத்தின் நிழல் ஒரே ஒரு செல்லின் மேல் விழுந்தாலோ அதுவும் கிட்டாது. இங்கே 50 வாட்டுக்குக் குறையாத பேனலும், பேட்டரி முழுமையாக நிறையாமலே இருப்பதால் எம்.பி.பி.டி.யும் பொருத்தமானவை. பம்ப், பேனல் இரண்டின் கம்பிகளும் மெயின் சுவிட்சைத் தவிர்த்து, பேட்டரிக்கு அருகிலேயே தனித்தனி ஃபியூஸ் வழியாக இணைய வேண்டும். தினமும் அவ்வளவு நேரம் பம்ப் ஓடுகிறதென்றால், பேனலை வாங்குமுன் கசிவைத் தேடி அடைப்பதே முதல் வேலை.

கரை மின்சாரத்தில் இயங்கும் சார்ஜர் மேகத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் பிரேக்கர் விழுந்தால் ஆளில்லாப் படகில் அதைக் கவனிப்பார் இல்லை. மேலும் எர்த் கம்பி வழியே பாயும் சிறு நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் இல்லாவிட்டால், எர்த் கம்பி அக்கம்பக்கத்துப் படகுகளின் உலோகங்களோடு நம் படகையும் பிணைத்து அரிப்பை விரைவுபடுத்தும். ஆகவே நீண்ட பிரிவுக்குச் சோலாரையே நான் நம்புவேன்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த அக்கறை எதுவும் வேண்டாம். அது நிறைந்த நிலையில் நெடுநாள் கிடப்பதை விரும்பாது. இயங்க வேண்டிய பம்ப் இல்லையெனில், பாதி அளவில் வைத்து இணைப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம்.