10 மடங்குக் கைவில்லை: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் தொடங்கிய கிழமையே, தாவரவியல் செய்முறைக்கு ஆளுக்கொரு கைவில்லை (கையில் பிடித்துப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எப்படியான கைவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் 650 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். சின்ன எல்ஈடி விளக்கு வைத்தது, உடலில் "30 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்தது. எனக்கு வலு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். எந்தப் பூவைப் பார்த்தாலும் ஓரத்தில் ஊதாவும் மஞ்சளுமாகக் கரை கட்டியது. நடுவில் மட்டும் ஒரு பயறளவு இடம் தெளிவாக இருந்தது, மற்றதெல்லாம் வளைந்து இழுபட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளை பூவின் கேசரங்களை எண்ணி எழுதி முடித்துவிட்டாள், நான் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்த சனிக்கிழமை முற்றத்து வெயிலில் அதைப் பிடித்து, தாளில் விழுந்த ஒளிப்புள்ளியை முடிந்தளவு சிறிதாக்கி, வில்லைக்கும் தாளுக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். 6 சென்ரிமீற்றர். இதுதான் வில்லையின் குவியத்தூரம். கண் தெளிவாகப் பார்க்கக்கூடிய கிட்டிய தூரத்தை 25 சென்ரிமீற்றர் என்று எடுப்பார்கள். அதைக் குவியத்தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிட்டத்தட்ட வந்துவிடும். 25ஐ 6ஆல் வகுத்தால் 4 சொச்சம். 30 எங்கே, 4 எங்கே? வாங்கப் போகிறவர்கள் கடை வாசலில் நின்றே இதைச் செய்து பாருங்கள். உண்மையான 10 மடங்கு வில்லை என்றால் புள்ளி இரண்டரைச் சென்ரிமீற்றரில் விழ வேண்டும். புள்ளியைக் கனநேரம் பிடிக்க வேண்டாம், தாள் பற்றிவிடும்.

இப்போது என்னிடம் இருப்பது கொழும்பில் வேலை செய்யும் மச்சாள் வாங்கி அனுப்பியது. 10 மடங்கு, 18 மில்லிமீற்றர் அகலம், மூன்று கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த வில்லை. 3,200 ரூபா. விளக்கு இல்லை, அலங்காரம் இல்லை, மடித்தால் பெருவிரல் அளவுதான். மூன்று கண்ணாடி ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு கண்ணாடி மட்டும் என்றால் நீல ஒளியும் சிவப்பு ஒளியும் ஒரே இடத்தில் குவியாது, அதுதான் நிறக்கரை. வளைவும் கண்ணாடி வகையும் வேறு வேறான துண்டுகளைச் சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றது சரிசெய்யும். இதில் விளிம்புவரை படம் நேராக நிற்கிறது.

பிடிக்கிற முறையைச் சொல்லாமல் விட்டால் நல்ல வில்லையும் வீண். வில்லையைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் அதோடு ஒட்டிப் பிடிக்கலாம். பிறகு இலையைத் தூக்கி வில்லைக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். துப்பறியும் படத்தில் வருவதுபோல் கையை நீட்டிப் பிடித்துக் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்றக் கண்ணை மூட வேண்டாம், ஒரு கிழமையில் பழகிவிடும்.

சரி, இதை வைத்து என்ன பார்த்தேன்?

முதலில் முதிரை மரம். வன்னியில் முதிரையைத் தெரியாத ஆள் இல்லை, எங்கள் வீட்டு வாசல் நிலையே முதிரைதான். ஆனால் இலையை யார் பார்த்தார்கள்? பூவும் காயும் இல்லாத நாளில் இணைக்கவர்ச்சுட்டியை (இரண்டிரண்டு தெரிவாகக் கேட்டுச் செடியை இனங்காண உதவும் அட்டவணை) வைத்துக்கொண்டு காட்டுக்குள் நின்றால், "இலையில் சுரப்பிப் புள்ளிகள் உண்டா, இல்லையா" என்ற கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் தடக்கி நிற்போம். முதிரையின் ஒரு சீறிலையை வானத்துக்கு எதிரே பிடித்து வில்லையால் பார்த்தேன். பச்சைக்குள் ஊசியால் குத்தினது போல ஒளி புகும் சின்னச் சின்னப் புள்ளிகள். எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வரும் வாசம் அதிலிருந்துதான். தேசி, தோடை, விளாத்தி, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த ரூட்டேசியே குடும்பத்துக்கு இது அடையாளம், முதிரையும் அந்த வீட்டுப் பிள்ளை. காடு வேண்டாம் என்றால் குசினியில் இருந்தே தொடங்கலாம்: கறிவேப்பிலையில் ஒரு இலை, வேப்பமரத்தில் ஒரு இலை, இரண்டையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்றில் புள்ளி இருக்கும், மற்றதில் இருக்காது. வேம்பு வேறு குடும்பம்.

அடுத்தது பார்த்தீனியம். எங்கள் வயல் வரம்பிலும் ரோட்டுக்கரையிலும் முளைத்து நிற்கிற சனியன். தூரத்தில் வெள்ளை மணி தூவினாற்போல் இருக்கும், ஒவ்வொரு மணியையும் ஒரு பூ என்றுதான் நினைத்திருந்தேன். வில்லையில் அது ஒரு கூட்டம். ஓரத்தில் சரியாக ஐந்து புன்பூக்கள், ஒவ்வொன்றுக்கும் நகத்துண்டு போல ஒரு சிறிய வெள்ளை இதழ். அதனால்தான் அந்த மணிக்கு ஐந்து மூலை. நடுவில் நெருங்கி நிற்பவை எல்லாம் மகரந்தம் மட்டும் தருபவை, விதை தருவது அந்த ஐந்துதான். ஒரு தலைக்கு ஐந்தே விதை என்றால் குறைவு போலத் தெரியும். ஆனால் ஒரு நல்ல செடியில் எத்தனை தலை! ஒரே செடி 15,000 விதைக்கு மேல் கொடுக்கக்கூடியது. ஐந்தை என் கண்ணால் எண்ணிய பிறகுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. பூக்கிறதுக்கு முன்னம் பிடுங்க வேண்டும் என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லும்போது அம்மா தலையாட்டிவிட்டுப் பிந்திப் பிடுங்குவா. வில்லையில் காட்டிய பிறகு இந்த முறை மார்கழியிலேயே இறங்கிவிட்டா. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். தோல் அரிப்பு வந்தால் லேசில் விடாது, மகரந்தமும் சிலருக்கு ஆகாது. ஆகையால் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கிறவர்கள் கவனம்.

முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்காலில் எடுத்த சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையையும் சொல்ல வேண்டும். இலையின் மேற்புறத்து மயிர்கள் நான்கு நான்காக எழும்பி நுனியில் ஒட்டிக்கொண்டு முட்டை அடிக்கிற கம்பி போல் நிற்கும், அதன்மேல் நீர்த்துளி உருண்டு ஓடும். வேர் போலக் கீழே தொங்குவது வேரே இல்லை, உருமாறிய இலை. பரீட்சையில் இது வரும்.

நந்திக்கடல் களப்பு ஓரத்துக் கண்ணா என்ற கண்டல் மரத்துக்குக் காலையில் போக வேண்டாம், பனி உப்பைக் கரைத்துவிடும். மத்தியான வெயிலில் போனால் இலைமேல் கண்ணாடித் துகள் மாதிரி உப்பு மின்னும். உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம் தனக்கு வேண்டாததை இலைச் சுரப்பியால் வெளியே தள்ளுகிறது என்று குறிப்பில் பத்துத் தரம் எழுதியிருப்பேன். நாக்கால் தொட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஆனால் இந்த வில்லை உண்மையில் வேலை செய்தது அப்பாவின் பட்டறையில்.

அப்பா தச்சு வேலை. ஒட்டுசுட்டானில் முப்பது வருடமாக நிலை, கதவு, கட்டில் செய்கிறார். காழ், உரியம் (செடிக்குள் தண்ணீரையும் உணவையும் கடத்தும் இழையங்கள்) என்று நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்த ஒரு இரவு, "என்ன பிள்ளை, காழ் காழ் எண்டு சொல்லுறாய்?" என்று கேட்டார். மரம் என்று நாங்கள் சொல்வது முழுக்கக் காழ்தான் அப்பா என்றேன். அடுத்த நாள் ஒரு தேக்குத் துண்டின் வெட்டு முகத்தை அவரே உளியால் கண்ணாடி போலச் சீவித் தந்தார். அதில் கொஞ்சம் தண்ணீர் தடவி வில்லையால் பார்த்தோம். வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசையாக, பிறகு சிறிய துளைகள், மறுபடி பெரியவை. வளர்ச்சி தொடங்கும்போது அகலமான காழ்க்கலன்கள், பிந்திய காலத்தில் ஒடுங்கியவை. முதிரையில் அப்படி இல்லை: நுண்ணிய துளைகள் எங்கும் பரவி, இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. பாலை மரத்தில் துளைகள் சங்கிலியாக ஓட, குறுக்கே நூல் நூலாக மெல்லிய கோடுகள்.

அப்பா கனநேரம் வில்லையைத் திருப்பித் தரவில்லை. "பாலையைச் சீவேக்க உளி ஏன் இப்பிடிக் கடிக்குது எண்டு இப்ப விளங்குது" என்றார். பிறகு மரத்தின் நடுவிலுள்ள வைரத்தையும் அதைச் சுற்றி வெளியே உள்ள வெளிறையும் காட்டிக் கேட்டார்: "வைரத்திலயும் இந்த ஓட்டை இருக்கு, வெளிறிலயும் இருக்கு. பிறகு ஏன் வெளிறை மட்டும் புழு தின்னுது?" இது எங்கள் விரிவுரையில் வந்த விஷயம். வெளிறுதான் தண்ணீர் கடத்துகிற உயிருள்ள பகுதி, அதன் கலங்களில் மாப்பொருள் சேர்ந்திருக்கும், பூச்சிக்கு அது சாப்பாடு. வைரத்தில் உயிருள்ள கலம் இல்லை, பிசினும் வேறு பொருள்களும் படிந்திருக்கும். இதைச் சொன்னபோது வெட்டின மரத்தை ஏன் குளத்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள் என்று அவர் எனக்குச் சொன்னார். அவர் தந்தையார் அப்படித்தான் செய்வாராம், புழு குறையும் என்று. என் பாடக்குறிப்பின் ஓரத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முதிரை தேசிக்குச் சொந்தம் என்று சொன்னதைத்தான் அவர் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. இலையைக் காட்டினேன், புள்ளியைக் காட்டினேன். "இலை சரி. ஆனால் தேசியில நிலை செய்யேலாதே" என்றார்.

இனிக் குறைகள். கயிறு கோர்க்க ஓட்டை இல்லை. சருகுக்குள் விழுந்தால் வெள்ளி நிறம் மறைந்துவிடும். ஒருமுறை கனகராயன்குளத்துப் பக்கம் ஒன்றரை மணித்தியாலம் தேடினேன். இப்போது மூட்டில் சிவப்பு நாடா சுற்றிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். உடல் உலோகம், பங்குனி வெயிலில் காற்சட்டைப் பையில் இருந்து எடுத்தால் கண் இமை சுடும். மூட்டுத் திருகாணி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளரும், சின்னத் திருப்புளி ஒன்று பையில் வேண்டும். மாரிக்கு வில்லைக்குள் பூஞ்சணம் படரப் பார்க்கும், அதனால் மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பக்கெட் ஒன்றோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். செம்மண் புழுதி பட்டால் துணியால் தேய்க்கவே வேண்டாம், கீறிவிடும். முதலில் ஊத வேண்டும், பிறகு தண்ணீர், பிறகுதான் பழைய பருத்தித் துணி.

எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. இலைவாய் என்ற நுண்துளை இதில் தெரியாது. அதற்கு இலையின் அடியில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். புல்லின் உட்கட்டமைப்பும் அப்படித்தான். ஆனால் வெளிக்களத்தில் ஒரு செடியை இன்னதென்று சொல்லத் தேவையான மயிர், சுரப்பி, இலையடிச் செதில், சூலகம் எல்லாவற்றுக்கும் 10 மடங்கு போதும். 20 மடங்கு வாங்காதீர்கள். பார்க்கும் இடம் சுருங்கும், வெளிச்சம் குறையும், கை சற்று ஆடினாலே படம் ஓடிவிடும். காசு குறைவு என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல வில்லை வாங்குங்கள், ஆளுக்கொரு மலிவு வில்லை வேண்டாம். தொலைபேசிக் கமராவில் வில்லையை ஒட்டிப் பிடித்தால் படமும் எடுக்கலாம், செய்முறைப் புத்தகத்துக்கு நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

இப்போது ஒரே பிரச்சினை, கிழமை நாட்களில் வில்லை என்னோடு வவுனியாவில் இருக்கிறது. போன ஞாயிறு பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது அப்பா ஒரு பனிச்சைத் துண்டைச் சீவி வைத்துக்கொண்டு, "இதையும் பாத்திட்டுப் போவம்" என்றார். பஸ்ஸை விட்டுவிட்டேன். மச்சாளுக்கு இன்னொன்றுக்குக் காசு அனுப்பியாயிற்று. அதே 10 மடங்குதான்.