நிழல் தாங்கலில் ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை: ஒரு மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில், அய்யாவழியினரின் வழிபாட்டு இடமான ஒரு சிறிய நிழல் தாங்கலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உச்சிப்படிப்பு என்னும் நண்பகல் வழிபாடு முடிந்ததும் நடைபெறும் அன்னதர்மத்தைப் பற்றியும், அதில் வெளியூர்க்காரர்களும் கைகொடுத்துப் பணிவிடை செய்ய அங்குள்ளவர்கள் தரும் வாய்ப்பைப் பற்றியும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நன்கொடைச் சீட்டு எழுதி அன்னதானத்தில் பங்கு கொள்வது எல்லா இடத்திலும் எளிது. ஆனால் பணம் கட்டியவர் சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிறரை நேசிக்கப் பழக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்களுக்கு, அடுப்படியிலும் பந்தியிலும் நிற்க இடம் தரும் இந்தத் தாங்கலை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

அய்யா வைகுண்டர் காட்டிய சமய வழியான அய்யாவழியை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த காலத்தில் இந்த மாவட்டம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக்கூடாது, அவர்களுடைய பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் அவர் சாதி பாராமல் எல்லோரையும் ஒரே கிணற்றில் குளிக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் செய்தார். அய்யாவழியின் முதன்மை வழிபாட்டு இடமான சாமிதோப்புத் தலைமைப்பதிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் முத்திரிக்கிணறு அதற்கு இன்றும் சாட்சியாக இருக்கிறது. ஊர்கள்தோறும் எழுந்த நிழல் தாங்கல்களும் வெறும் வழிபாட்டு இடங்களாக நின்றுவிடவில்லை. பசித்து வருகிறவருக்குச் சோறு கிடைக்கும் இடங்களாகவும் இருந்தன. ஆகவே இங்கே சோறு விளம்புவது வழிபாடு முடிந்தபின் நடக்கும் உபசாரம் அன்று, வழிபாட்டின் ஒரு பகுதியே.

உள்ளே நுழையும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொள்ள வேண்டும். நெற்றியில் சுடர் வடிவில் திருநாமம் சாத்துகிறார்கள். சிலை எதுவும் இல்லை. விளக்கும், அதன் பின்னே ஒரு நிலைக்கண்ணாடியும்தான். சட்டை இல்லாமல் நிற்கும்போது யார் அதிகாரி, யார் கொத்தனார் என்று கண்டுபிடிக்க முடியாது. பந்திக்கு முன்பாகவே இது நடந்துவிடுவது நல்ல ஏற்பாடு.

காலையிலேயே போய்விடுகிறவர்களுக்குக் காய் நறுக்கவும் தேங்காய் திருவவும் வேலை கிடைக்கும். சோறு, சாம்பார், அவியல் என்ற எளிய சாப்பாடுதான். விசேஷ நாட்களில் அரிசியும் காய்கறியும் சேர்த்து ஆக்கும் உம்பான் உண்டு. சுவையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அவியல் மிக நன்றாக இருக்கும், புளிக்காத தயிரும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் வாசனையிலேயே தெரியும், சாம்பார் வாரத்துக்கு வாரம் மாறும்.

இந்தப் பணிவிடையின் சிறப்பு முழுவதும் பந்தியில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிறார்கள். பிறகு உப்பு, பிறகு கூட்டுகறி, கடைசியாகத்தான் சோற்று வாளி. பந்தியை மேற்பார்வை செய்யும் வயதான அம்மை ஒருவர், நான் வேகமாக விளம்பிக்கொண்டு போனபோது பின்னால் வந்து, "மக்களே, மொதல்ல மொகத்தப் பாரு, பொறவு எலையப் பாரு" என்றார். அவர் சொன்னபடி செய்து பார்த்தால்தான் அதன் கடினம் புரிகிறது. முகத்தைப் பார்த்துவிட்டால் ஒருவர் இன்னும் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிறார் என்பது தெரிந்துவிடும். தெரிந்தபின் கடந்து போக மனம் வராது.

எனக்கு அருகில் வீடுள்ள ஒருவருடன் வேலித் தகராறு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாளியுடன் வருகிறவன் ஓர் இலையை மட்டும் தாண்டிப் போக முடியாது. அவர் முன்னாலும் குனிந்துதான் ஆக வேண்டும். வேலித் தகராறு இன்னும் தீரவில்லை, சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், அதனால் சோற்றைக் குறைத்து அவியலைக் கூட்டிக் கேட்பதும் இப்போது எனக்குத் தெரியும். அவர் கேட்பதற்கு முன்பே அப்படித்தான் விளம்புகிறேன். அன்பு முதலில் மனத்தில் சுரந்து பிறகு கைக்கு வரும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே கை முந்திக்கொள்கிறது, மனம் மெதுவாகப் பின்னால் வருகிறது.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது அங்கே உழைப்பவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாத முதியவர்களுக்குத் தனி மேசை இல்லை. சிலர் அதனாலேயே திண்ணையில் இலையை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். கடைசிப் பந்தியில் சாம்பார் தண்ணீராகிவிடுகிறது. கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தொலைவிலிருந்து நடந்து வந்தவர்கள் என்பதால் இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. சமையல்கட்டில் பெண்களும் பந்தியில் ஆண்களும் என்று வேலை பிரிந்து கிடப்பதும் மாற வேண்டும். மாற முடியும் என்பதற்குப் பந்தியை நடத்துகிற அந்த அம்மையே சிறந்த எடுத்துக்காட்டு. இவற்றைத் தாங்கலின் வழிபாட்டை நடத்தும் பணிவிடைக்காரரிடம் நேரில் சொன்னேன். மேசைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

செல்ல விரும்புகிறவர்கள் உச்சிப்படிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போவது நல்லது. படிப்பு தொடங்கியபின் போனால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பத்தான் நேரம் இருக்கும். வேட்டி கட்டிச் செல்லுங்கள். சுருள் என்னும் காணிக்கை வைக்க விரும்புகிறவர்கள் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிப் போகலாம். பணம் யாரும் கேட்பதில்லை. மாசி 20 அன்று வரும் அய்யா வைகுண்டரின் அவதார தினத்தை ஒட்டிய வாரத்தைத் தவிர்க்கவும். அப்போது ஆட்கள் அதிகம் இருப்பதால் புதியவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை. மழைக்கால ஞாயிறுகளில்தான் அங்கே கைகள் குறைவாக இருக்கின்றன.