கடற்பாறையில் 133 அடி வள்ளுவர்

கணபதி ஸ்தபதி வடித்து, 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை மீண்டும் சென்று பார்த்தேன். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், ஏனைய இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை என்று குறளின் அமைப்பையே அளவுகோலாக்கிய சிந்தனை இம்முறையும் என்னை நெகிழச் செய்தது. பீடத்தின் உட்படிகளில் ஏறி, பாதத்தருகே நின்று அண்ணாந்து நோக்கினால், இடுப்பின் மெல்லிய ஒசிவு இத்தனை கனமான கருங்கல்லுக்கு ஆடற்கலையின் நளினத்தைத் தந்திருப்பது புரிகிறது. வலக்கையின் மூன்று விரல்கள் முப்பாலைச் சுட்டுகின்றன. நீர்மட்டம் தாழ்ந்தால் படகு இப்பாறைக்கு வராது என்பதால் முன்பொருமுறை ஏமாந்து திரும்பியிருக்கிறேன். 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில், விவேகானந்தர் பாறையிலிருந்து இப்போது நடந்தே வரலாம். உச்சிவெயிலைத் தவிர்த்துக் காலையிலேயே செல்லுங்கள்.